மூச்சுத் திணறினால் எப்போது, எங்கே போவது: கோலாலம்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

செந்தூலில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்திருந்த காலம் அது. அறைத்தோழர் ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஓர் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றியிருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. கழுத்துக்குக் கீழே உள்ள குழி உள்ளே போய்ப் போய் வந்தது. "என்னண்ணே?" என்றேன். "ஒன்றும்... இல்லை... தம்பி... தூங்கு" என்றார். நான்கு சொல், நான்கு மூச்சு.

நாங்கள் தூங்கவில்லை, ஆனால் அதைவிடப் பெரிய உபயோகம் எதுவும் செய்யவுமில்லை. ஒருவன் நெஞ்சில் தைலம் தேய்த்தான். ஒருவன் ஆவி பிடிக்கத் தண்ணீர் வைத்தான். நான் மின்விசிறியைத் திருப்பி வைத்தேன். பிறகு வாக்குவாதம் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் எவ்வளவு ஆகும், கடப்பிதழ் (பாஸ்போர்ட்) முதலாளியிடம் இருக்கிறதே, விடிந்ததும் கம்பெனி சொல்லியிருக்கும் கிளினிக்குக்குப் போனால் போதாதா என்று ஒன்றரை மணி நேரம் போனது. கடைசியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது டாக்டர் முதலில் கேட்டது, "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" என்பதுதான். நாங்கள் நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாருக்கும் தெரியவில்லை.

அவர் பிழைத்தார், இப்போது ஊரில் கடை வைத்திருக்கிறார். நான் மருத்துவன் அல்லன், இரும்புச் சாமான் கடையில் கணக்கு எழுதுகிறவன். அதற்குப் பிறகு முதலுதவிப் பயிற்சி ஒன்றுக்குப் போனேன். புதிதாக வருகிறவர்களைப் பல தடவை கிளினிக்குக்கும் மருத்துவமனைக்கும் கூட்டிப் போயிருக்கிறேன். அதில் கற்றதைத்தான் எழுதுகிறேன். நோயின் பெயரை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இந்த நிமிடமே 999-ஐ அழைப்பதா, இன்றைக்குள் டாக்டரைப் பார்ப்பதா, இந்த வாரம் போனால் போதுமா என்பதை முடிவு செய்தால் போதும்.

முதலில்: பேசச் சொல்லுங்கள், பிறகு எண்ணுங்கள்

மூச்சு வாங்குகிறவரிடம் "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். நம் ஆட்கள் எல்லாரும் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள். பதில் நீளமாக வரும் கேள்வியாகக் கேளுங்கள். நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு போனீர்கள், எங்கே என்று கேட்கலாம். ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தால் உங்களுக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. இரண்டு மூன்று சொல்லுக்கு ஒரு முறை நிறுத்தி மூச்சு இழுத்தால் நேரம் இல்லை. என்ன சொல்கிறார் என்பதைவிட எங்கே நிறுத்துகிறார் என்பதைக் கேளுங்கள்.

அடுத்து, கைப்பேசியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். எண்ணுகிறீர்கள் என்று அவரிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் மூச்சின் போக்கு மாறிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். 25-ஐத் தாண்டினால் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். 30-ஐத் தொட்டால் அவசரம்.

சட்டையைத் தூக்கிப் பாருங்கள். விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுக்கிறதா, கழுத்து நரம்பு கயிறுபோல் நிற்கிறதா என்று கவனியுங்கள். உதடு நீலம் பாய்கிறதா பாருங்கள் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். நம் நிறத்துக்கு வெளியிலிருந்து பார்த்தால் அது சட்டென்று தெரியாது. கீழுதட்டை இழுத்து உட்புறத்தைப் பாருங்கள், நாக்கைப் பாருங்கள், நகத்தின் அடியைப் பாருங்கள். சாம்பல் பூத்தது போலவோ நீலமாகவோ இருந்தால் அதற்கு மேல் எதையும் சோதிக்க வேண்டாம்.

இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும், கோவிட் காலத்தில் வாங்கிய விரல் கருவி பல வீடுகளில் இருக்கும். 95-க்கு மேல் காட்டினால் பொதுவாக நல்லது. 92 அல்லது அதற்குக் கீழே என்றால் உடனே கிளம்ப வேண்டும். ஆனால் அந்தக் கருவி கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே இதை எச்சரித்திருக்கிறது. நகப்பூச்சு இருந்தாலும் விரல் சில்லிட்டிருந்தாலும் கணக்கு தப்பும். ஆள் திணறுகிறார், கருவி 97 காட்டுகிறது என்றால் ஆளை நம்புங்கள்.

இந்தச் சோதனை முழுவதுக்கும் இரண்டு நிமிடம் போதும். ஆரம்பித்த நேரத்தை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் 999

வாக்கியம் முடிக்க முடியாமை, உதடு நிறம் மாறுதல், படுக்கவே முடியாமல் முன்னால் குனிந்து உட்காருதல், குழப்பமாகப் பேசுதல் அல்லது தூக்கத்தில் சொக்குவது போல் ஆகுதல். இந்தக் கடைசி அறிகுறியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அரை மணி நேரமாக இழுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாகி, வீசிங் சத்தமும் நின்றுவிட்டால் "அப்பாடா, விட்டுவிட்டது" என்று நினைக்கத் தோன்றும். ஆள் தெளிவாகப் பேசினால் அது சரி. பேசாமல் சோர்ந்து கிடந்தால் காற்றே போகவில்லை என்று பொருள்.

நெஞ்சில் பாரம் வைத்தது போல வலித்து, அது தோளுக்கோ தாடைக்கோ பரவி, குளிர்ந்த வியர்வையும் சேர்ந்தால் மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சு மட்டும் வாங்கலாம். மலேசியாவில் 2019-இல் எடுத்த தேசிய ஆய்வில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம். அதனால் ஐம்பது வயது அக்கா ஒருவர் "வாய்வுப் பிடிப்பு, கொஞ்சம் மூச்சு முட்டுகிறது" என்று சொன்னால் ஓமம் கொடுத்துவிட்டு உட்காராதீர்கள்.

நீண்ட விமானப் பயணம், எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, பிரசவம் இவற்றுக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி, திடீரென்று மூச்சு வாங்கி, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினால் நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். இதுவும் 999-தான்.

சாப்பாட்டு ஒவ்வாமை பற்றிப் புதியவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஊரில் "எனக்கு இறால் ஆகாது" என்று ஒதுக்கிவிட்டால் போதும். இங்கே இறால் கண்ணுக்குத் தெரியாமல் வரும். பெலாச்சான் என்பது இறாலை உப்பிட்டு அரைத்துப் புளிக்க வைத்த கட்டி. சம்பலிலும் கீரைப் பொரியலிலும் அது கரைந்து கிடக்கும். குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சியான சாத்தேவுக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பு வேர்க்கடலை. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கின் ஓரத்தில் இருப்பதும் அதுவே. சாப்பிட்ட சிறிது நேரத்தில் தோல் தடித்து, உதடோ நாக்கோ வீங்கி, குரல் கம்மி, மூச்சு இறுகினால் அரிப்பு மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

மூடிய அறையில் கரி அடுப்பு எரித்தவர்கள், இயந்திரத்தை ஓடவிட்டுக் குளிர்சாதனத்தோடு லோரியிலோ காரிலோ தூங்கியவர்கள் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறலோடு எழுந்தால் முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு 999. கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் ஏறியிருந்தால் விரல் கருவி எல்லாம் சரி என்றே காட்டும்.

தொலைபேசியில் என்ன சொல்வது

999-ஐ அழைத்த உடனேயே ஆம்புலன்ஸ்காரர் பேசமாட்டார். முதலில் ஓர் இணைப்பாளர் எடுப்பார், போலீசா தீயணைப்பா ஆம்புலன்சா என்று கேட்பார், பிறகு மருத்துவமனை அழைப்பு மையத்துக்கு மாற்றிவிடுவார். அங்கே கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். "இப்போதுதானே சொன்னேன்" என்று கத்துவதில் பயன் இல்லை. இரண்டு முறை சொல்லத் தயாராக இருங்கள். கைப்பேசியில் 112 அடித்தாலும் அதே இடத்துக்குத்தான் போகும்.

மலாய் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். ஆங்கிலம் எடுபடும். அதுவும் வரவில்லை என்றால் இந்தச் சொற்கள் போதும். மூச்சுத்திணறலுக்கு "செசாக் நஃபாஸ்", நெஞ்சுவலிக்கு "சாக்கிட் டாடா", மயக்கத்துக்கு "தாக் செடார்", உதவிக்கு "தோலோங்". இளைப்பு நோயை ஆஸ்மா என்றாலும் "லெலா" என்றாலும் புரிந்துகொள்வார்கள். வயது, ஆணா பெண்ணா, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, பேசுகிறாரா இல்லையா. இவற்றைச் சொல்லிவிட்டு முகவரிக்கு வாருங்கள்.

முகவரியில்தான் இந்த நகரத்தில் நேரம் வீணாகிறது. ஒரே தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரே மாதிரி எட்டு புளோக் இருக்கும். புளோக் எழுத்து, மாடி, கதவு எண், சாலைப் பெயர், அருகில் இருக்கும் பள்ளிவாசலோ கோயிலோ எல்ஆர்டி ரயில் நிலையமோ, எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர்கள் வைக்கும்வரை நீங்கள் வைக்காதீர்கள். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கும்போது ஓர் ஆள் காவலர் கூண்டுக்கு ஓட வேண்டும். எங்கள் அடுக்குமாடியில் அன்று காவலர் தூக்கத்தில் இருந்தார், தடுப்புக் கம்பி இறங்கியிருந்தது, அதைத் தூக்கவே ஐந்து நிமிடம் ஆனது. இன்னோர் ஆள் மின்தூக்கியைக் கீழே பிடித்து வைத்திருக்கட்டும்.

ஆம்புலன்சுக்குக் காத்திருப்பதா, காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடுவதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நினைவு தப்புகிறவரையும், உதடு நீலமானவரையும், நெஞ்சுவலி உள்ளவரையும் காரில் ஏற்றுவது ஆபத்து. வழியில் மூச்சு நின்றால் ஜாலான் பகாங் நெரிசலில் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆம்புலன்சில் ஆக்சிஜன் இருக்கிறது, காரில் இல்லை. பேசுகிறார், நடக்கிறார், ஆனால் இன்றே பார்க்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவரை வாடகைக் காரில் கூட்டிப் போகலாம். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கொண்டு போவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள்.

வண்டி வரும்வரை

நிமிர்ந்து உட்கார வையுங்கள். மேசை இருந்தால் அதன்மேல் கையை ஊன்றி முன்னால் சாயட்டும். "படுத்துக்கொள்ளுங்கள்" என்பது அன்பான யோசனை, தவறான யோசனை. கழுத்துப் பொத்தானைக் கழற்றுங்கள், கூட்டத்தை வெளியே அனுப்புங்கள். சாப்பாடும் பானமும் வேண்டாம்.

ஆவி பிடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மூக்கடைப்புக்கு அது சுகமாக இருக்கும். இளைப்புக்கு அது எதுவும் செய்யாது. திணறுகிறவர் கையில் கொதிநீர்ப் பாத்திரத்தைக் கொடுத்தால் கொப்புளம்தான் மிச்சம். சாம்பிராணியும் கொசுவர்த்தியும் நிலைமையைக் கெடுக்கும். கற்பூரத் தைலத்தைக் கைக்குழந்தைக்குத் தேய்க்கவே கூடாது.

இளைப்பு உள்ளவர் என்று முன்பே தெரிந்து, நீல நிற இன்ஹேலர் கையில் இருந்தால் அதைக் குலுக்கி ஒரு முறை அழுத்தி இழுக்கச் செய்யுங்கள். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் விட்டு அடுத்தது. இப்படிப் பத்து முறை வரை கொடுக்கலாம். பத்துக்குப் பிறகும் தணியவில்லை என்றால், அல்லது தணிந்து சிறிது நேரத்தில் திரும்பினால், 999. ஆரம்பத்திலேயே பேச முடியாத நிலை என்றால் பத்து வரை காத்திராமல் முதலில் அழைத்துவிட்டுப் பிறகு அழுத்துங்கள். மருந்தை இழுக்கும் குழாய் இல்லையென்றால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் அளவுக்கு ஓட்டை போட்டுச் செருகி, பாட்டிலின் வாயிலிருந்து இழுக்கலாம். நேராக வாயில் அடிப்பதைவிட மருந்து நன்றாக உள்ளே போகும்.

ஊரில் அஸ்தலின் என்று வாங்கியது இங்கே பெரும்பாலும் வென்டோலின் என்ற பெயரில் கிடைக்கும். இரண்டிலும் இருப்பது சால்புட்டமால். பெயர் வேறு என்பதால் இரண்டையும் மாற்றி மாற்றி அடித்த ஒருவரை எனக்குத் தெரியும். டெரிபிலின் மாத்திரை கொண்டுவந்தவர்கள் அட்டையைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். வேறு மருந்து எழுதும்போது அவருக்கு அது தெரிய வேண்டும்.

மயங்கி, மூச்சே இல்லாமல் போனால் அழைப்பு மையத்தில் இருப்பவர் தொலைபேசியிலேயே வழி சொல்வார். நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி அழுத்த வேண்டும். தொண்டையில் எதாவது சிக்கிப் பேச முடியாமல் நின்றால் முன்னால் குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து அடி, பிறகு பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத் தொப்புளுக்கு மேலே ஐந்து அழுத்து, வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு வயிற்றில் அழுத்தக் கூடாது. முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்கும்படி சாய்த்து முதுகில் ஐந்து தட்டு, பிறகு மல்லாத்தி நெஞ்செலும்பில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து.

இன்றைக்குள் போக வேண்டியவை

பேச முடிகிறது, ஆனால் மாடிப்படி ஏறினால் நின்று நின்று போக வேண்டியிருக்கிறது. காய்ச்சலோடு சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ வருகிறது. மூச்சை இழுத்தால் ஒரு பக்கம் வலிக்கிறது. இரவில் இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது, காலும் வீங்கியிருக்கிறது. இருமலில் இரத்தம் தெரிகிறது. நீல இன்ஹேலரை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் தேட வேண்டியிருக்கிறது. இவையெல்லாம் நாளைக்குத் தள்ளிப்போட வேண்டியவை அல்ல. கர்ப்பிணிகளுக்கு மாடி ஏறும்போது மூச்சு வாங்குவது இயல்பு. உட்கார்ந்திருக்கும்போதே வாங்கினால் இயல்பில்லை.

டெங்கி பற்றி ஊர்க்காரர்களுக்குத் தெரியும்; ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. காய்ச்சல் இறங்கும் நாளில்தான் நீர் இரத்தக் குழாயிலிருந்து கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் சேரத் தொடங்கும். காய்ச்சல் விட்டது என்று வேலைக்குக் கிளம்பும்போது மூச்சு வாங்கினாலோ, வயிறு வலித்தாலோ, விடாமல் வாந்தி வந்தாலோ கிளினிக்கைத் தாண்டி நேராக மருத்துவமனைக்கே போங்கள்.

பகலில் இப்படி என்றால் கடைவீட்டு வரிசையில் இருக்கும் தனியார் கிளினிக்குக்குப் போகலாம். பிரிக்பீல்ட்சிலும் செந்தூலிலும் தமிழ் பேசும் டாக்டர் கிடைப்பது சிரமமில்லை. கம்பெனி சில கிளினிக்குகளைக் குறித்துக் கொடுத்திருக்கும். அங்கே போனால் கையிலிருந்து பணம் போகாது. இளைப்புக்கு மருந்துப் புகை கொடுப்பதை இங்கே எல்லாரும் காஸ் என்பார்கள். "காஸ் வைக்கும் வசதி இருக்கிறதா?" என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். விடுப்புச் சீட்டான எம்.சி. வாங்க மறக்காதீர்கள். அது இல்லாமல் அடுத்த நாள் சம்பளத்துக்காக மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

அரசாங்கச் சுகாதார மருந்தகமான கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட். வெளிநாட்டவரான நமக்கு அந்தச் சலுகை கிடையாது, கட்டணம் பல மடங்கு கூட.  கூட்டம் அதிகம், காலை எட்டு மணிக்கு முன்பே போய் நில்லுங்கள்.

இந்த வாரத்துக்குள்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் இலேசான காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல். இது காச நோயாக இருக்கலாம். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான ஃபோமேமா சோதனையில் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பதும் இதற்காகத்தான். தெரிந்தால் வேலை போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் இருமலை மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் வெறும் கற்பனை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கிறோம். ஒருவருடைய இருமல் எட்டுப் பேருடையதும்தான். மருந்து வழக்கமாக ஆறு மாதம், விடாமல் சாப்பிட்டால் குணமாகும்.

நீல இன்ஹேலர் வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டாலும் டாக்டரைப் பாருங்கள். அது அந்த நேரத்துக்கு மூச்சுக்குழாயை விரிக்குமே தவிர உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தணிக்காது. தினமும் எடுக்கும் வேறு இன்ஹேலர் வேண்டும். எங்கள் தஞ்சாவூர் அண்ணனுக்கு நடந்தது அதுவே. ஊரில் எழுதிக் கொடுத்த தினசரி மருந்து தீர்ந்துபோயிருந்தது. நீலத்தை மட்டும் வைத்து ஒரு மாதம் ஓட்டியிருக்கிறார்.

குழந்தைகள்

குழந்தைக்குப் பேச்சுச் சோதனை செல்லாது, எண்ணிக்கைதான். சட்டையைக் கழற்றி, அழாத நேரத்தில் ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றே டாக்டர். நெஞ்சின் அடிப்பகுதி உள்ளே குழிந்தால், மூக்குத் துளை விரிந்தால், மூச்சை விடும்போது முனகல் கேட்டால், பால் குடிக்க முடியாமல் விட்டு விட்டு அழுதால், துவண்டு கிடந்தால் அவசரப் பிரிவு. தாய்ப்பால் எத்தனை முறை குடித்தது, ஈரத்துணி எத்தனை மாற்றினீர்கள் என்று அங்கே கேட்பார்கள். அம்மாவைக் கட்டாயம் உடன் கூட்டிப் போங்கள். கோலாலம்பூரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்றே துங்கு அசிசா மருத்துவமனை இருக்கிறது.

புகைமூட்டக் காலம்

ஊரிலிருந்து வந்தவர்களுக்குப் புதிதான ஒன்று ஜெரேபு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சுமத்ராவில் காடும் கரிமண்ணும் எரிந்தால் புகை கடல் தாண்டி வந்து இங்கே உட்கார்ந்துகொள்ளும். 1997-இலும் 2015-இலும் 2019-இலும் பல வாரம் அப்படி இருந்தது. 2005-இல் போர்ட் கிள்ளானிலும் கோலா சிலாங்கூரிலும் அவசர நிலையே அறிவித்தார்கள். சுற்றுச்சூழல் துறை ஐபியு என்ற காற்று மாசு எண்ணை ஒவ்வொரு நிலையத்துக்கும் வெளியிடுகிறது. கோலாலம்பூருக்கு பத்து மூடாவையும் செராசையும் பாருங்கள். 100-ஐத் தாண்டினால் சுகாதாரக் கேடு, 200-ஐத் தாண்டினால் மிகக் கேடு, 300-க்கு மேல் அபாயம்.

இளைப்பும் இதய நோயும் உள்ளவர்கள் 100-லேயே வெளி வேலையைக் குறைக்க வேண்டும். கட்டுமானத்தில் இருப்பவர்களுக்கு அது சொல்வதற்கு எளிது. மேற்பார்வையாளரிடம் எண்ணைக் காட்டிக் கேளுங்கள். நீல நிற மெல்லிய முகக்கவசம் தூசிக்குத்தான், இந்த நுண்துகளுக்கு என்95 வேண்டும். புகைமூட்ட நாளில் மூச்சு வாங்கினால் "எல்லாருக்கும் இப்படித்தான்" என்று விட்டுவிடாமல் மேலே சொன்ன அதே பேச்சுச் சோதனையைச் செய்யுங்கள்.

அவசரப் பிரிவில்

நகர நடுவில் ஜாலான் பகாங்கில் கோலாலம்பூர் பொது மருத்துவமனை, பந்தாய் பக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செராசில் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை. பினாங்கில் இருப்பவர்களுக்குத் தீவில் ஜாலான் ரெசிடென்சி பொது மருத்துவமனை. பெருநிலத்தில் இருந்தால் பாலம் தாண்ட வேண்டாம், செபெராங் ஜெயா மருத்துவமனைக்குப் போங்கள். அவசரப் பிரிவு என்று பொருள்படும் "கெச்செமாசான்" என்ற சிவப்புப் பலகையைப் பாருங்கள்.

உள்ளே நுழைந்ததும் பதிவு வரிசையில் போய் நிற்காதீர்கள். முதலில் திரியாஜ் கவுண்டர். அங்கே ஆளைப் பார்த்து, விரலில் கருவியை மாட்டி, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். சிவப்பு என்றால் கேள்வி கேட்காமல் உள்ளே கொண்டுபோவார்கள். பச்சை என்றால் பல மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். உங்களுக்குப் பின்னால் வந்தவர் முன்னால் போவதைக் கண்டு கோபப்படத் தேவையில்லை. ஆனால் காத்திருக்கும்போது நிலைமை மோசமானால் உடனே எழுந்துபோய்ச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். ஒரு தடவை என்னோடு வந்தவர் பச்சை நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல் துண்டு துண்டாக வர ஆரம்பித்தது. தாதியிடம் சொன்னேன், ஒரு பார்வை பார்த்தார், அடுத்த நிமிடம் தள்ளுவண்டி வந்தது.

பணத்தைப் பற்றி நேராகவே பேசிவிடலாம். வெளிநாட்டவர் அரசு மருத்துவமனையிலும் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். படுக்கையில் சேர்த்தால் முன்பணம் கேட்பார்கள். ஆனால் உயிர் காக்கும் முதல் சிகிச்சைக்குப் பிறகுதான் அந்தப் பேச்சு வர வேண்டும். தனியார் மருத்துவமனைகளும் அவசரத்தில் உயிர் காக்கும் சிகிச்சையைத் தர வேண்டும் என்று 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரச் சட்டம் சொல்கிறது. தொழிலாளர் அனுமதியில் வந்தவர்களுக்குப் பொதுவாக ஸ்பிக்பா என்ற மருத்துவமனைக் காப்புறுதி இருக்கும். அந்த அட்டையின் படம் கைப்பேசியில் இருந்தால் பாதித் தலைவலி தீரும். வேலையிடத்து இரசாயனத்தாலோ தூசியாலோ மூச்சுப் பிரச்சினை வந்தால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்க்கேசோவையும் நினைவில் வையுங்கள். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அதன் வேலை விபத்துத் திட்டத்தில் இருக்கிறார்கள். கடப்பிதழ் கையில் இல்லை என்று கிளம்பாமல் இருக்காதீர்கள். முதல் பக்கத்தின் படமும் விசாவின் படமும் இருந்தால் ஆரம்பப் பதிவுக்கு உதவும். மூலத்தை விடிந்த பிறகு கொண்டுவரலாம்.

பதற்றத்தாலும் மூச்சு முட்டும். வீட்டு நினைப்பு, கடன், இரவு வேலை, எல்லாம் சேர்ந்து நெஞ்சை அடைக்கும், விரல் மரத்துப்போகும். வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல. ஆனால் "இது பதற்றம்தான்" என்று முதல் தடவையிலேயே நாமாக முடிவு கட்டக் கூடாது. இதயத்தையும் நுரையீரலையும் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லட்டும்.

இன்றிரவே செய்யக்கூடியது

ஒரு தாள் எடுங்கள். மேலே பெரிதாக 999. அடுத்து உங்கள் முழு முகவரி, மலாயில், புளோக்கும் மாடியும் அடையாளமும் சேர்த்து. அதன் கீழே அறையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: பெயர், பிறந்த ஆண்டு, என்ன நோய், என்ன மருந்து, எது ஒவ்வாது, ஊரில் யாரைக் கூப்பிட வேண்டும். காவலர் கூண்டின் தொலைபேசி எண். இரவில் கார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் எண். இன்ஹேலர் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பது.

எங்கள் வீட்டில் அந்தத் தாளைக் குளிர்பெட்டிக் கதவில்தான் முதலில் வைத்தோம். காந்தம் பழசு, விழுந்துகொண்டே இருந்தது. இப்போது அரிசி டின்னுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறோம். யார் சோறு வைத்தாலும் கண்ணில் படும். புதிதாக ஒருவர் வந்தால் படுக்கை காட்டுவதற்கு முன்னால் அதில் ஒரு வரி எழுதச் சொல்கிறோம்.